ரோட்டில் பரப்பிய குதிரைவாலி

என் வீட்டுக்காரர் தங்கபாண்டி லோடு வேன் ஓட்டுகிறவர். கல்யாணமான புதிதில் வாசல் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். பொறுப்பான மனுஷன் என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இப்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், யார் மேலாவது ஏற்றிவிட்டோமோ என்று திரும்பிப் போய்ப் பார்க்கிறார். ரோடு சும்மா கிடக்கும். வண்டியை எடுத்ததும் மறுபடி அதே சந்தேகம். இன்னொரு தடவை லோடு தாமதமானால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார் முதலாளி.

மதுரை டாக்டர் மாத்திரை எழுதினார். "இது நோய்ம்மா. யாரும் அடிபடலையேன்னு அவர் கேட்டா நீங்க பதில் சொல்லாதீங்க. சொல்லச் சொல்லச் சந்தேகம் வளரும்" என்றார். அப்படியானால் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்தது குணமா, நோயா? நான் ஆசைப்பட்டது எதன் மேல்? யோசித்தால் தலை சுற்றுகிறது.

நேற்று நானும் கூடப் போனேன். திருச்சுழி தாண்டி வீரசோழன் போகிற ரோட்டில் குதிரைவாலிக் கதிரைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டியெல்லாம் ஏறி மணி உதிரட்டும் என்று எங்கள் பக்கம் செய்கிறதுதான். ஒதுங்க இடமில்லை. அவர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"உள்ள பிள்ள எதுவும் படுத்திருந்தா?"

"லோடு இறக்கணும். எடுங்க வண்டிய."

வண்டி கதிர் மேல் ஏறியது. சக்கரத்துக்கு அடியில் என்னவோ மெத்தென்று அமுங்கியது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"மாரீஸ்வரி, ஏதோ ஏறுச்சுல்ல? இல்லன்னு ஒரு வார்த்த சொல்லு. திரும்பிப் போக மாட்டேன்."

நான் முந்தானையைக் கடித்துக்கொண்டேன். பாவி மனுஷன், கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டார். டாக்டர் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் இவர் வண்டியை நிறுத்தவில்லை, அழுதுகொண்டே ஓட்டினார்.

கதிர் முடிந்து தார் தெரிந்தது. அப்போதுதான் நினைப்பு வந்தது. கதிருக்குக் காவலாக யாராவது உட்கார்ந்திருப்பார்களே, ஒருத்தரையும் காணோமே. வெயிலுக்கு முகத்தை மூடி அங்கேயே சாய்ந்திருந்தால்? கண்ணாடியில் பார்த்தேன். தூசி மட்டும் தெரிந்தது.

"என்னங்க, வண்டியக் கொஞ்சம் திருப்புங்க" என்றேன்.

அவர் திருப்பவில்லை.

"அப்ப யாரும் இல்லன்னாச்சும் சொல்லுங்க" என்று அவர் கையைப் பிடித்தேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்து ஓட்டினார். பதில் சொல்லவில்லை.