இரண்டாவது படம்

பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு, ராணுவத் தளத்தின் மருத்துவ அறையில், பதினேழாம் எண் கைதி பரிசோதிக்கப்பட்டு, நல்ல உடல்நிலையில் நட்பு நாட்டுப் படையிடம் ஒப்படைக்கப்பட்டார். படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது. கீழே நர்ஸின் கையெழுத்து. அதற்கும் கீழே கைதியின் கையெழுத்து. அவர் தையற்காரர். ஒரே அளவில், நெருக்கித் தைத்ததுபோன்ற சின்ன எழுத்துகள்.

படிவத்தின் நடுவே ஒரு மனித உருவம் அச்சாகியிருக்கும். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. முகம் கிடையாது. உடம்பில் காயமோ தழும்போ இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு மையால் குறிக்க வேண்டும். தையற்காரருக்கு இடது முழங்காலில் ஒரு பழைய தழும்பு. மற்றபடி உருவம் வெள்ளையாகவே இருந்தது. நம் கையிலிருந்து போகும்போது ஆள் நன்றாகத்தான் போனார் என்று பிற்பாடு காட்டுவதற்காக அமைச்சகம் தயாரித்த படிவம் அது.

ஏப்ரல் இரண்டாம் தேதி, நீதிமன்றத்தில் வாக்குமூலம் கொடுக்க அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டு சிப்பாய்கள் தாங்கிப் பிடித்து வந்து கட்டிலில் உட்காரவைத்தார்கள். நர்ஸ் சட்டையைக் கழற்றச் சொன்னாள். விரல்கள் மடங்கவில்லை, அவரால் பொத்தானைப் பிடிக்க முடியவில்லை. அவளே கழற்றினாள்.

"அன்னைக்கு என்னைப் பாத்து நல்லாயிருக்கேன்னு எழுதினது நீங்கதானே சிஸ்டர்?"

"ஆமா."

"நல்லாத்தான் இருந்தேன்," என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. அவளுக்காகச் சாட்சி சொல்வதுபோல இருந்தது.

அவள் புதிதாக ஒரு படிவத்தை எடுத்தாள். தளத்தின் டாக்டர் வாசலிலேயே நின்றார்.

"போறவங்களுக்குத்தான் ஃபார்ம். வர்றவங்களுக்குக் கிடையாது."

"பேஷன்ட் வந்தா சார்ட் போடணும் சார். எனக்குத் தெரிஞ்ச நர்ஸ் வேலை அதான்."

"வம்பை விலைக்கு வாங்காதீங்க."

"அந்த ஸ்கேலை மட்டும் எடுத்துக் குடுங்க சார்."

டாக்டர் எடுத்துக் கொடுத்தார். பிறகு, தான் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். தலைப்பில் 'ஒப்படைப்பு' என்பதை அடித்துவிட்டு 'திரும்பி வந்தவர்' என்று அவள் எழுதினாள். உள்ளங்கால், மணிக்கட்டு, முதுகு என்று ஒவ்வொரு காயத்தையும் அளந்து, சென்டிமீட்டரோடு குறித்து முடிக்க நாற்பது நிமிடம் ஆனது. விரல்களில் பேனா நிற்காததால் தையற்காரரிடம் கைரேகை வாங்கிக்கொண்டாள்.

மாலைத் தபால் பையில் அது அமைச்சகத்துக்குப் போனது. ஒரு வாரத்தில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்திய ரசீது வந்தது. மருத்துவ அறைக்கென்று தனிக் கோப்பு கிடையாது. மார்ஃபின் ஊசிப் பதிவேடு ஒன்றுதான் அவள் பொறுப்பில் இருந்த கெட்டி அட்டைப் புத்தகம். ரசீதை அதன் கடைசிப் பக்கத்தில் ஒட்டினாள். அடுத்த பதினான்கு மாதங்களில், தையற்காரரையும் சேர்த்துப் பதினோரு பேர் திரும்பி வந்தார்கள். பதினோரு படங்கள், பதினோரு ரசீதுகள். அமைச்சகத்திலிருந்து ஒரு வரி பதில் இல்லை. ஒப்படைப்பும் நிற்கவில்லை.

போர் முடிந்து நான்காவது வருடம் விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஒப்படைக்கப்பட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அரசு அறிந்திருக்க வாய்ப்பில்லை என்று அமைச்சகத்தின் செயலாளர் சொன்னதை, துணி மடித்துக்கொண்டே அவள் டிவியில் கேட்டாள். மறுநாள் குழுவுக்குக் கடிதம் எழுதினாள். சாட்சி சொல்ல அழைப்பு வந்த அதே வாரம் அமைச்சகத்து அதிகாரி ஒருவரும் வீட்டுக்கு வந்தார். மரியாதையான மனிதர்.

"தளத்துல தபால் அனுப்பினதைப் பதியுற புத்தகத்தை மூணு வருஷம் ஆனதும் ரூல்படி அழிச்சாச்சும்மா. நீங்க அந்தப் படங்களை அனுப்பினதுக்கு ஆதாரம் கிடையாது. நல்லாயிருக்காங்கன்னு நீங்க போட்ட கையெழுத்தெல்லாம் மட்டும் பத்திரமா இருக்கு. யோசிச்சுக்கோங்க."

அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். அவர் படியிறங்கும்வரை அவளுடைய கணவர் காத்திருந்தார். பஸ் கண்டக்டர்.

"டிக்கெட் எடுக்காதவன்தான் எங்கிட்ட இவ்வளவு மரியாதையா பேசுவான்," என்றார். பிறகு, "ஆனா அவன் சொன்னதுல பொய் இல்லையே. கையெழுத்து உன்னோடதுதானே. உன்னையும் சேத்து இழுத்து விட்டுடுவாங்க. போகாதே," என்றார்.

"பொய் இல்லைங்க. அதனாலதான் போறேன்."

விசாரணை அறையில் அரசு வக்கீல் படிவங்களை ஒவ்வொன்றாக நீட்டினார்.

"இருபத்தாறுலயும் இருக்கிறது உங்க கையெழுத்தா?"

"ஆமா. தையற்காரர் திரும்பி வந்து, அங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்சதுக்கப்புறமும் ஒன்பது பேருக்குப் போட்டிருக்கேன். அதையும் எழுதிக்கோங்க."

வக்கீல் கேட்கவிருந்த கேள்வி அது. கையிலிருந்த காகிதத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்துக்கொண்டார்.

"தெரிஞ்சும் ஏன் போட்டீங்க?"

"நான் போடலேன்னாலும் வண்டி கிளம்பியிருக்கும். போறப்ப எப்படி இருந்தாங்கன்னு காட்ட ஒரு காகிதமாவது இருக்கட்டும்னு நினைச்சேன். முதல் படம் இல்லேன்னா ரெண்டாவது படத்துக்கு என்ன அர்த்தம்?" சற்று நிறுத்தினாள். "அப்ப அப்படித் தோணுச்சு. வண்டிக்கு முன்னால போய் நின்னிருக்கணும்னு இப்பத் தோணுது."

பார்வையாளர் வரிசையில் இருந்த கண்டக்டர், முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். கரப்பான்பூச்சியைக் கண்டால் தன்னைக் கூப்பிடுகிறவள். இருபது வருடம் கூட வாழ்ந்தவளை முதல்முறையாகத் தூரத்திலிருந்து பார்ப்பதுபோல அவருக்கு இருந்தது.

குழுவின் தலைவரான நீதிபதி கேட்டார்: "ரெண்டாவது படங்கள் எதுவுமே வரலைன்னு அமைச்சகம் சொல்லுதேம்மா?"

"மார்ஃபின் ரெஜிஸ்டரைப் பத்து வருஷத்துக்கு யாரும் அழிக்க முடியாதுங்க ஐயா. தளத்துல மருந்து பீரோவுல இருக்கும். அமைச்சகத்து ரசீதை அதுல ஒட்டியிருக்கேன்."

நீதிபதி அங்கேயே உத்தரவு எழுதி, இரண்டு அலுவலர்களைக் காரில் அனுப்பினார். அவர்கள் திரும்பும்வரை யாரும் கட்டடத்தை விட்டுப் போகக் கூடாது என்றார். மூன்று மணி நேரம் ஆனது.

ரசீதுகள் பதினொன்றும் இருந்தன. செயலாளர் தன் வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்த மாதமே ஓய்வும் பெற்றார். அந்த ஒன்பது கையெழுத்துகளுக்காகச் செவிலியர் மன்றம் அவளுடைய பதிவை இரண்டு வருடங்களுக்கு நிறுத்திவைத்தது. அவள் மேல்முறையீடு செய்யவில்லை. அவள் சொன்ன ஒன்பது பேரில் ஐந்து பேர் இருக்குமிடம் தெரியவந்தது. நான்கு பேரைப் பற்றித் தகவல் இல்லை.