மதினியின் அறைக்குள் ஏறிய வேன்

முருகேசன் நாகல் நகரில் தன் வீட்டின் கீழ்த்தளத்தையே ஒர்க்‌ஷாப்பாக வைத்திருந்தான். நிலக்கோட்டையிலிருந்து பூ ஏற்றிப் போகும் வேன்கள்தான் அவனிடம் அதிகம் வரும். 2003இல் கோயம்புத்தூரிலிருந்து வண்டியைத் தூக்கும் ஒரு பழைய லிஃப்டை வாங்கி வந்து நிறுத்தினான். வேனை இடுப்பளவுக்குத் தூக்கியதுமே அதன் கூரை மேல்தளத்தில் இடித்தது. அடியில் குனிந்து குனிந்தே வேலை பார்க்க வேண்டியிருந்தது.

அந்தத் தளத்துக்கு மேலேதான் ஜக்கம்மாளின் அறை. இறந்துபோன அண்ணனின் மனைவி. பிள்ளைகள் இல்லை.

"பின்னாடி ரூமை எடுத்துக்கங்க மதினி. தளத்தை வெட்டுனாத்தான் வண்டி ஏறும்," என்று இருமுறை கேட்டான்.

"உங்கண்ணன் பங்குன்னு எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான் தம்பி. நான் நகர மாட்டேன்."

ஆடியில் ஆத்தூரில் அவள் அம்மா இறந்தாள். மாலையோடு போன முருகேசன், "பதினாறாம் நாள் காரியம் முடிச்சே வாங்க. வீட்டை நான் பாத்துக்கிறேன்," என்றான். மறுநாளே கொத்தனார் வேலுசாமியை வரவழைத்தான்.

"அந்தம்மாகிட்டச் சொல்லிட்டீகளா?"

"சொல்லியாச்சு. நீங்க வெட்டுங்க."

தாங்குவதற்கு இரும்புக் கர்டர் கொடுத்து, வேன் கூரை நுழையும் அளவுக்குத் தளத்தை வெட்டினார்கள். விளிம்புக்குக் கான்கிரீட் போடப் பலகை போதவில்லை. ஜக்கம்மாளின் கட்டிலை உடைத்துக்கொண்டார்கள்.

பதினேழாம் நாள் அவள் வந்து கதவைத் திறந்தாள். அறையின் நடுவே ஒரு வேனின் வெள்ளைக் கூரை நின்றது. பீரோவும் அடுப்பும் சுவரோரம் ஒதுக்கப்பட்டிருந்தன.

"தம்பி, என்ன இது?"

"ஓரமாப் பாத்து நடங்க மதினி. கைப்பிடி இன்னும் போடல," என்று வண்டிக்கடியிலிருந்து பதில் வந்தது.

வார்டு கவுன்சிலரிடம் போய் அழுதாள். அவர் வந்து அண்ணாந்து பார்த்தார். "சுத்தமாத்தான் செஞ்சிருக்கான். குடும்பத்துக்குள்ள பேசித் தீத்துக்கங்கம்மா," என்றார். அடுத்த வாரம் அவருடைய சுமோவும் மேலே ஏறி வந்தது. அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டோடு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து மீதியைச் சாப்பிட்டு முடித்தாள்.

நான்கு மாதம் அப்படியே இருந்தாள். டீசல் புகையில் இருமல் நெஞ்சிலேயே தங்கிவிட்டது. கார்த்திகையில் அவளுடைய உடன்பிறந்தவன் வந்து ஆத்தூருக்கு அழைத்துப் போனான். முருகேசனின் மனைவி பொன்னழகு வாசல்வரை வந்து, "பொங்கலுக்கு வாங்கக்கா," என்றாள். ஜக்கம்மாள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

ஆட்டோ கிளம்பும் முன்பே மாடியில் சுத்தியல் சத்தம் கேட்டது. இன்னொரு லிஃப்டுக்காக மீதித் தளத்தையும் வெட்டத் தொடங்கியிருந்தார்கள்.