இமயமலைக்கு நாற்பத்திரண்டு படி

திண்டிவனம் ரயில் நிலையத்தில் ஒன்றாம் பிளாட்பாரத்திலிருந்து மேம்பாலத்துக்கு ஏற நாற்பத்திரண்டு படிகள். கட்டியவர்கள்கூட எண்ணியிருக்க மாட்டார்கள். தர்மதேவி எண்ணியிருந்தாள். தினம் காலை ஐந்தரை மணிக்குப் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, அந்த நாற்பத்திரண்டையும் ஏறி, அந்தப் பக்கம் இறங்காமல், வந்த வழியே திரும்பி இறங்கினாள். இறங்கியதும் மறுபடியும் ஏறினாள். புடவைக்குக் கீழே நீல நிற விளையாட்டு ஷூ. வயது அறுபத்தொன்று.

ஊர் சும்மா இருக்குமா? டிக்கெட் கவுண்டரில் இருந்தவர் ஏதோ வேண்டுதல் என்று முடிவு கட்டினார். மேம்பாலத்தின் அடியில் கொய்யாப்பழம் விற்கும் சவுரியம்மாள், வெளியூரிலிருந்து யாரோ வரவேண்டும், அந்த ஆளுக்காகத்தான் இந்த அம்மா மேலே ஏறி ஏறிப் பார்க்கிறாள் என்று நினைத்தாள். "இன்னா ஆயா, இன்னிக்கும் வரலியா?" என்று அவள் தினமும் கேட்பாள். தர்மதேவி மூச்சிரைப்பில் தலையை மட்டும் ஆட்டுவாள். சவுரியம்மாள் உச்சுக் கொட்டுவாள்.

ரயில்வே போலீஸ் பாண்டுரங்கனுக்குத்தான் வேறு பயம். தண்டவாளத்துக்கு மேலே தனியாக ஒரு பெண்மணி தினம் வந்து நின்றால் அவர் உத்தியோகத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நான்காம் நாள் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா. வூட்ல எதுனா பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்லீங்களே."

"மனசுல எதுனா பேஜாரா இருந்தா சொல்லுங்க. பேசினா கொறையும்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். இமாச்சலத்தில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு அடியில் ஒரு ஏரி இருக்கிறது, அக்டோபரில் மகளோடு அங்கே நடந்து போகப் போகிறேன், அதற்கு உடம்பைத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றாள். பாண்டுரங்கன் சந்தேகம் முழுதும் தீராமலே சல்யூட் மாதிரி ஒன்று வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தபிறகுதான் தர்மதேவிக்குத் தோன்றியது: உனக்கு என்ன பிரச்சினை என்று நேருக்கு நேர் ஒரு மனிதர் கேட்டு எத்தனை மாதமாகிவிட்டது! அந்தப் போலீஸ்காரரிடம் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம்.

தபால் ஆபீசில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவள். கணவர் விமலநாதன் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அந்தத் துக்கம் ஆறிவிட்டது. இது வேறு. ஓய்வு பெற்ற மறுநாளே கவுண்டருக்கு முன்னால் நின்ற அத்தனை முகங்களும் ஒரே நாளில் காணாமல் போயின. டிவி ஓடிக்கொண்டே இருக்கும். அவள் பார்க்கமாட்டாள். ஒரே மகள் சுப்ரியா புனேயில். பொங்கலுக்கு வந்தவள், டாக்டர் நடக்கச் சொல்லியும் வீட்டைவிட்டு அசையாத அம்மா மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தாள். ஊருக்குப் போன பத்தாம் நாள் போனில் அந்த ஏரியின் படம் வந்தது. "போலாமாம்மா? நீயும் நானும். ஆறு நாள். ஒரு டென்ட்டுக்கு ரெண்டு பேரு." ஜூலையில் மலையேற்றக் கம்பெனி ஒன்றின் பயிற்சி அட்டவணையும் வந்தது.

தர்மதேவிக்கு ஏரி ஒரு பொருட்டே இல்லை. ஒரு டென்ட்டுக்கு இரண்டு பேர் என்பதைத்தான் பிடித்துக்கொண்டாள். பதினேழு வயதில் ஹாஸ்டலுக்குப் போன பெண் அதன்பிறகு அம்மாவோடு ஒரே அறையில் சேர்ந்தாற்போல் மூன்று இரவு படுத்ததில்லை. வந்தால் லேப்டாப், போனால் போன். கூடாரத்தில் சிக்னல் இருக்காதாம். அதைக் கேட்டதும் தர்மதேவி அன்றே கடைக்குப் போய் ஷூ வாங்கிவிட்டாள்.

பன்னிரண்டு வார அட்டவணை அது. முதல் வாரம் நான்கு முறை ஏறி இறங்குவதற்குள் நெஞ்சு வாய்க்கு வந்தது. ஏறுவதைவிட இறங்குவதில்தான் முழங்கால் அழுதது. மூன்றாம் வாரத்தில் பை சேர்ந்தது. பெருமண்டூரில் அவர்கள் நிலத்தைப் பயிரிடும் கண்ணையன் கொண்டுவந்து போட்ட மல்லாட்டைப் பயிறை, அந்த வேர்க்கடலையை, இரண்டு கிலோ, பிறகு நான்கு, பிறகு ஆறு என்று அதில் நிரப்பினாள். கால் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. ஷூவை ஒரு அளவு பெரிதாக மாற்றினாள். விழுப்புரத்தில் ரத்தம் சோதித்த டாக்டர், "ஹீமோகுளோபின் ஒன்பதரைதாங்க இருக்கு. மேல காத்துல ஆக்சிஜன் கம்மி, இருக்கிறதைச் சுமக்க ரத்தம் வேணுமில்ல?" என்றார். கேப்பைக் களியும் முருங்கைக்கீரையும் பேரீச்சையுமாய்த் தின்று எட்டு வாரத்தில் பன்னிரண்டைத் தொட்டாள். பள்ளிக்கூடப் பிள்ளை மார்க் சொல்வதுபோல் அதை மகளிடம் சொன்னாள்.

தினம் இரவு எட்டு மணிக்கு சுப்ரியா கூப்பிடுவாள். "இன்னிக்கி எத்தினி படிம்மா?" மூன்று நிமிடம் பேசுவாள், அவ்வளவுதான். முன்பெல்லாம் வாரத்துக்கு ஒரு போன். இப்போது தினம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் என்ன சொல்வது என்று தர்மதேவி பகல் முழுதும் யோசித்து வைத்திருப்பாள். அதில் பாதியைச் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிடும்.

பதினோராவது வாரம் ஒரு கவலை வந்தது. அவர்கள் நயினார் குடும்பம், தமிழ்ச் சமணர். பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. மலைமேல் சமைக்கிறவன் இதையெல்லாம் எங்கே கண்டான்? குளிருக்குப் பூண்டு சூப் வைத்து ராத்திரி எட்டு மணிக்குத் தட்டை நீட்டுவான். சுப்ரியாவிடம் சொல்லத் தயக்கம். அவள் புனேயில் உருளைக்கிழங்கு தின்கிறாள் என்பது அம்மாவுக்குத் தெரியும். தெரியும் என்பது மகளுக்குத் தெரியாது. எதற்கு அதைக் கிளறவேண்டும் என்று, அட்டவணையின் அடியில் அச்சிட்டிருந்த நம்பருக்குத் தானே போன் செய்தாள்.

மறுமுனையில் கலைப்பிரியா என்ற பெண் தமிழில் பேசினாள். சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். "சமையல்காரர்கிட்ட சொல்லிடலாங்கம்மா. பொழுதோட சாப்பாடு குடுத்துடுவாங்க. எந்த பேட்ச்?"

"அக்டோபர் பதினொண்ணு. தர்மதேவி, சுப்ரியா."

கீபோர்டில் தட்டும் சத்தம் கேட்டது. "அந்தப் பேர்ல புக்கிங் இல்லீங்களே."

மகளுடைய போன் நம்பரைச் சொன்னாள். இல்லை. மெயில் முகவரியைச் சொன்னாள். இல்லை. வேறு தேதிகளிலும் தேடிப் பார்த்தாள் அந்தப் பெண். எங்கும் இல்லை.

"அப்ப இந்த அட்டவணை?"

"அது எங்க வெப்சைட்லயே இருக்குதுங்கம்மா. யார் வேணா எடுத்துக்கலாம்."

தர்மதேவி போனை வைத்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்தாள். மகள் ஏன் செய்தாள் என்பது உடனே புரிந்தது. அவள் ஒன்றும் மண்டு இல்லை. டாக்டர் நடக்கச் சொன்னார், அம்மா நடக்கமாட்டாள், அதனால் ஒரு மலையைக் காட்டி நடக்கவைத்தாள். குழந்தைக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிற கதைதான். அன்பில்லாமலா செய்தாள்? அன்புதான். அன்பு என்று தெரிந்தும் வயிறு எரிந்தது. டென்ட்டில் மகளிடம் சொல்வதற்கென்று பதினோரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் இனி எங்கே கொண்டுபோய்ச் சொல்வது என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. வீட்டில் யாரும் இல்லாததால் சத்தமாகவே அழுதாள்.

எட்டு மணிக்கு போன் வந்தது. "இன்னிக்கி எத்தினி படிம்மா?"

"ஆயிரத்தம்பது," என்றாள். பிறகு, இத்தனை நாளில் ஒருமுறைகூடக் கேட்காததைக் கேட்டாள். "நீ எத்தினி ஏறின?"

"நானும் பண்ணிக்கினுதாம்மா இருக்கேன். ஆபீஸ்ல லிஃப்ட்டே எடுக்கறதில்ல."

"நல்லது," என்றாள் தர்மதேவி.

மூன்று நாள் அவள் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. எட்டு மணி போனுக்கு மட்டும் ஆயிரத்தம்பது என்று பதில் சொன்னாள். நான்காம் நாள் விடியற்காலை நாலே முக்காலுக்கு விழிப்பு வந்தது. கால் இரண்டும் படுக்கையில் இருப்புக் கொள்ளவில்லை. உடம்புக்கு இந்த வஞ்சனையெல்லாம் தெரியாது. அதனிடம் மலை என்று சொன்னார்கள், அது நம்பித் தயாராகிவிட்டது. எழுந்தாள். பையை மாட்டிக்கொண்டு போய் ஆறு கிலோவோடு இருபத்தைந்து முறை ஏறி இறங்கினாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கடைசியில் மேலே நின்று பார்த்தபோது மூச்சு சாதாரணமாக வந்துகொண்டிருந்தது. இந்த மூச்சு யார் கொடுத்தது, நான் ஏறிச் சம்பாதித்தது என்று அவளுக்கு ஒரு வீம்பு வந்தது.

அடுத்த ரயிலிலேயே விழுப்புரம் போனாள். டாக்டர் நெஞ்சுப் படம் எடுத்து, டிரெட்மில்லில் ஓடவிட்டு, மலையேறலாம் என்று கம்பெனிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். கலைப்பிரியாவைக் கூப்பிட்டாள். "ஒரு சீட்டுதான்," என்றாள். அவசரத்துக்குத் தொடர்பு கொள்ளவேண்டியவர் என்று கேட்ட இடத்தில் கொடுக்க அவளுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

அந்த நம்பருக்கு கம்பெனியிலிருந்து செய்தி போகும் என்று அவள் நினைக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி. தட்டில் சாப்பாட்டைப் போட்டு உட்காரப்போகும் நேரம் சுப்ரியாவின் போன்.

"அம்மா, உன் புக்கிங்னு எனக்கு மெசேஜ் வந்துருக்குது."

"ஆமா. நான்தான் போட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

"எட்டு நாளாச்சு."

"நீ நடக்கணும்னுதாம்மா. சும்மா வெளிய போன்னா போமாட்ட. கடைசில மழை, ரத்தாயிடுச்சுன்னு சொல்லிடலாம்னு... இப்ப எனக்கு லீவும் கெடைக்காதும்மா."

"நான் உன்னை வரச்சொல்லலியே."

"தனியா எப்பிடிம்மா போவ? தெரிஞ்ச முகம் ஒண்ணு இல்லாம, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாம, ஆறு நாளு?"

"இங்க மட்டும் யார்கிட்ட பேசிக்கினு இருக்கேன், சொல்லு."

கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல்தான் சொன்னாள். ஆனால் அந்தப் பக்கம் சுப்ரியா வாய்விட்டு அழுதாள். தர்மதேவி தடுக்கவில்லை. அழுது முடித்தபிறகு மகள் போனை வைக்காமல், விழுந்த நகம் முளைத்ததா என்று கேட்டாள். ஸ்டேஷனில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்டாள். தர்மதேவி பாண்டுரங்கனைப் பற்றிச் சொன்னாள், சவுரியம்மாளைப் பற்றிச் சொன்னாள், டென்ட்டுக்கென்று வைத்திருந்ததில் கொஞ்சம் சொன்னாள். பேசி முடித்துப் பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே பொழுது போய்விட்டிருந்தது. தட்டிலிருந்ததைத் தெருநாய்க்கு வைத்துவிட்டு, வெறும் வயிற்றோடு படுத்தாள். பசித்தது. வருத்தம் இல்லை. சீட்டு மட்டும் இப்போதும் ஒன்றுதான்.

காலையில் படிக்கட்டின் அடியில் சவுரியம்மாள் கூடையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆயா, மூணு நாளு ஆளக் காணோம், அப்புறம் வந்தே, வாயே தொறக்கல. இன்னிக்காவது வர்றாங்களா?"

தர்மதேவி பையின் பட்டையை இறுக்கிக்கொண்டாள்.

"யாரும் வரல சவுரியம்மா. நான்தான் போறேன்," என்று சொல்லிவிட்டு முதல் படியில் கால் வைத்தாள்.