உப்புக் கிணற்றில் விழுந்த குழாய்

கல்முனையில் பழைய இரும்பு வாங்கி விற்கிற முத்தலிப்புக்கு வாழ்க்கைப்பட்ட நாள் முதல் சுபைறா துரு வாசத்தோடுதான் குடித்தனம் நடத்துகிறாள். அதை அவள் ஒரு பொருட்டாக எடுத்ததில்லை. ஆனால் வாசலில் குவிந்து கிடக்கிற இரும்பு வேறு, பின்னால் கொட்டிலுக்குள் பூட்டி வைக்கிற இரும்பு வேறு. யுத்தம் முடிந்த கையோடு இந்த மனுசன் கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டால் பெண்சாதிக்கு நித்திரை வருமா?

பூட்டுத் திறப்பை அவன் அரிசி வாளிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான். குசினிக்குள் அவளுக்குத் தெரியாத இடமும் இருக்கிறது என்று நினைத்த ஆம்பிளையை என்ன சொல்ல! அவன் மத்தியானம் ளுஹர் தொழப் போன நேரம் பார்த்துத் திறந்தாள். மண்ணெண்ணெய்ச் சட்டியில் ஒரு கனத்த வட்டத் தட்டு ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் துருவைச் சுரண்டி எண்ணெய் பூசிய இரண்டு இரும்புக் கால்கள். நீளப் பிடி போட்ட பிரஷ் ஒன்று. குழாய் வாய்க்கு மாட்டுகிற பச்சைக் கன்வஸ் மூடி, கிழிசலெல்லாம் தைத்தபடி. செல் குண்டு விழுந்து கூடப் பிறந்த தம்பியைப் பறிகொடுத்தவளுக்கு இது என்ன சாமான் என்று யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. செல் அடிக்கிற மோட்டார்தான். குழாய் ஒன்றுதான் குறை.

“இஞ்சாருங்க, கொட்டிலுக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க?” என்று அன்று பின்னேரம் கேட்டாள்.

“இரும்பு.”

“இரும்புக்கு எதுக்குப் பூட்டு?”

“ஒனக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. வேலையப் பாரு புள்ள.”

சொல்லிவிட்டு தன் பாட்டுக்குப் பிளேன்டியைக் குடித்தான்.

அதன் பிறகு பாண்டிருப்பு நல்லரெத்தினம் வரத் தொடங்கினான். தோட்டக்காரன், முத்தலிப்பின் பழைய சிநேகிதன், நல்ல மனுசன். நல்ல மனுசனுக்குக் கொட்டிலுக்குள் என்ன குசுகுசுப்பு? நோன்பு பிறக்கக் கொஞ்ச நாள் இருக்கையில், சாக்கில் சுற்றிய நீளமான ஒன்றைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினான். ணங்கென்று சத்தம் கேட்டது. குழாயும் வந்துவிட்டது. இனி ஆமி ஜீப் வரும், கண்ணைக் கட்டுவார்கள், சுனாமிக்குத் தப்பின இந்த ஒரு மனுசனும் போய்விடுவான்.

மறுநாள் ளுஹர் பாங்கு சொன்னதும் அவள் யோசிக்கவில்லை. கொட்டிலைத் திறந்தாள். சாக்கை அவிழ்த்துப் பார்க்கக்கூடத் துணிச்சல் வரவில்லை. மண் தள்ளுகிற வண்டியில் ஏற்றி, மேலே தென்னோலை போட்டு, கடற்கரையில் இருந்த தங்கள் பழைய வளவுக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டது, கிணறு மட்டும் மிச்சம். உப்பேறிப்போனதால் அதில் யாரும் அள்ளுவதில்லை. ‘அல்லாஹ், என்ட மனுசனைக் காப்பாத்து’ என்று சொல்லி உள்ளே தள்ளிவிட்டாள்.

அடுத்த நாள் முத்தலிப் ஊரைக் கூட்டினான். பூட்டு உடையவில்லை, திறப்பு இருக்கிற இடமும் நல்லரெத்தினம் ஒருத்தனுக்குத்தான் தெரியுமாம். பாண்டிருப்புக்கே போய், அவன் பெண்சாதி பிள்ளைகளுக்கு முன்னால் கள்ளன் என்று கத்திவிட்டு வந்தான்.

“அப்படி என்னத்தை எடுத்தாரு?” என்றாள் சுபைறா.

“எங்கட பள்ளிவாசல் குழாய் புள்ள! நோன்பு திறக்க வெடி போடுற குழாய். சுனாமியில போனது அவன்ட தோட்டத்து மண்ணுக்குள்ள கிடந்திருக்கு. அத நிமித்தி வெக்கத்தான் ஆமிக் காம்பில கழிச்சுப் போட்ட தட்டையும் காலையும் தேடித் தேடிச் சேத்தன். பள்ளித் தலைவர் பொலிசுக்கும் சொல்லி வெச்சாரு. வெடிக்கிற வரைக்கும் ஊருக்குத் தெரியப்படாதெண்டுதான் பூட்டினன். நல்லரெத்தினம் கொண்டு வந்து காட்டிப்போட்டு, திருப்பி எடுத்து வித்துட்டான்.”

அந்த நேரமே சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் முகம் இருந்த இருப்பைப் பார்த்துவிட்டு அவள் குசினிக்குள் போய்விட்டாள்.

முதல் நோன்பு திறக்கப் பாயில் உட்கார்ந்திருந்தபோது, நல்லரெத்தினம் வாசல் கேற்றடியில் வந்து நின்றான். முத்தலிப் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

“நான் எடுக்கல்ல, மச்சான்,” என்றான் அவன். “வந்து என்ட வளவைக் கிண்டிப் பாருங்க. மண்ணுக்குள்ள எடுத்த நாள் முதல் இத்தனை வருசம் வைக்கலுக்குள்ள வெச்சிருந்தன். ஆமி சுத்தி வளைக்கிற நேரமெல்லாம் பிள்ளைகளப் பாத்து அழுதிருக்கன். குழாய் வெச்சிருக்கிற தமிழன விடுவானா? விக்கிறதெண்டா அப்பவே வித்திருப்பனே.”

பாங்கு சொன்னது. வெடிதான் இல்லை. சுபைறா கையிலிருந்த பேரீச்சம்பழத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

“நான்தான் அண்ணன். எங்கட உப்புக் கிணத்துக்குள்ள போட்டுட்டன். இவரைப் புடிச்சிருவானுகள் எண்டு பயந்து போட்டுட்டன்.”

முத்தலிப் வாயைப் பிளந்தான். நல்லரெத்தினம் கோபிக்கவில்லை, சிரிக்கவுமில்லை.

“என்ட மனுசியும் அதைத்தான் சொன்னவ, தங்கச்சி,” என்றான். “கொண்டுபோய்க் கிணத்துக்குள்ள போடு, பிள்ளைகள் தப்பட்டும் எண்டு. நான்தான் கேக்கல்ல.”

முத்தலிப் கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கேற்றடிக்குப் போனான். கோப்பையை நீட்டினான். நல்லரெத்தினம் வாங்கவில்லை.

“முதல்ல என்ட வீட்டுக்கு வந்து, நான் கள்ளன் இல்லையெண்டு அவக்கிட்டச் சொல்லுங்க, மச்சான். கஞ்சி மறுகா குடிப்பம்.”