செல்லசாமியின் டோர்ச் லைட்

இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் குடம் நிரம்புவதற்குள் யாருடைய மானமாவது போய்விடும். 2003ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அகப்பட்டவர் செல்லசாமி.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் ஐம்பத்தெட்டு வயது மனிதர், ராவில் நாலைந்து தடவை டோர்ச் லைட்டோடு, வரிசை வீடுகளான லயத்தின் கடைக்கோடிக்குப் போகிறார். கடைசிக் காம்பராவில் இருப்பவள் வேலாயி, புருஷனை இழந்தவள். போதாதா? அவள் காம்பராவை ஒட்டித்தான் கக்கூஸ் இருக்கிறது என்பதை எல்லாரும் வசதியாக மறந்துவிட்டார்கள். "என்னண்ணே, பட்டரி மாத்தியாச்சா?" என்று தோட்டத்துத் தலைவர் முத்துலிங்கம்கூடக் கேலி செய்தார்.

மனைவி காளியாயி அவரோடு பேச்சை நிறுத்தினாள். செல்லசாமியோ மறுக்கவில்லை. "ஆம்பளைன்னா நாலு பேச்சு வரத்தான் செய்யும்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். மூத்திரம் சரியாகப் போகவில்லை என்று சொல்வதைவிட இந்தக் கெட்ட பேர் அவருக்குக் கௌரவமாகப் பட்டது. என்ன வீம்போ!

வேலாயியால் அப்படி விட முடியவில்லை. அவள் மகளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டு ஒதுங்கிவிட்டார்கள். மறுநாள் காலை பீலிக்கரையில் காளியாயிக்கு முன்னால் குடத்தை நங்கென்று வைத்தாள்.

"மதினி, அண்ணன் எங்கிட்ட வரல. கக்கூசுல நின்னு முக்குறாரு, மொனகுறாரு. சொட்டுச் சொட்டா விழுற சத்தம் எஞ் செவுத்துக்கு இந்தப் பக்கம் கேக்குது. அவரு மூத்திரத்துக்கு எம்புள்ள கல்யாணம் நிக்கணுமா?"

காளியாயி அன்றைக்கே புருஷனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரத்தம் சோதித்துப் பார்த்தவர்கள் ஸ்கேனுக்குக் கண்டிக்கு அனுப்பினார்கள்.

அங்கே உட்காரும் வாங்கு நிறையக் கர்ப்பிணிகள். செல்லசாமி வாசற்படியிலேயே நின்றுகொண்டார். "இது பொம்பளைங்களுக்குப் பாக்குற மிசினு புள்ள. வா, போயிருவோம்."

"கெட்ட பேரு வந்தப்ப மீசையத் தடவுனீங்கள்ல? இப்ப ஒக்காருங்க."

யாழ்ப்பாணத்துக்காரரான டொக்டர் செந்தூரன், பின்வழியாகச் சிறிய கருவியை வைத்துப் பார்த்தார். திரையில் சிவப்பும் நீலமும் தெரிந்தன.

"ரத்தம் ஓடுற குழாயள்தான் ஐயா இப்பிடி நிறமாத் தெரியுது. மூத்திரப் பைக்குக் கீழ இருக்கிற சுரப்பியில இந்த மூலையில மட்டும் ரத்த ஓட்டம் கூடவா இருக்கு. இதை மட்டும் வச்சுப் புற்றுநோய் எண்டு சொல்லேலாது. ஊசியால அந்த இடத்துச் சதையை எடுத்துப் பாத்தாத்தான் தெரியும்."

எடுத்த சதையில் புற்றுநோய் இருந்தது. நல்லவேளை, சுரப்பியைத் தாண்டிப் பரவியிருக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்தார்கள்.

ஊர் திரும்பிய செல்லசாமி தன் வீட்டுக்குப் போகவில்லை. வேலாயியின் வாசலில் நின்று அழுதார். "என் வெக்கத்த மறைக்க ஒம் பேரக் கெடுத்துட்டேன், தங்கச்சி."

"போன சம்பந்தம் திரும்பி வரல, அண்ணே. எங்கிட்ட அழுது என்ன பண்ண? ஊருக்குச் சொல்லுங்க."

மறுநாள் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியதும் செல்லசாமி முன்னால் வந்து நின்றார்.

"வேலாயி எந் தங்கச்சி. நான் போனது கக்கூசுக்கு. வெக்கப்பட்டு மறைச்சு, என் உசுரையும் விடப் பாத்தேன், ஒரு பொம்பள மானத்தையும் கெடுத்தேன். அம்பது தாண்டுன ஆம்பளைங்களே, மூத்திரம் போறதுல கோளாறுன்னா மறைக்காதீங்க. டொக்டர்கிட்டப் போங்க. நோவுல வெக்கம் கெடையாது."

யாரோ சிரித்தார்கள். முத்துலிங்கம் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"கண்டிக்கு மொத பஸ்ஸு எத்தன மணிக்கு, அண்ணே?"