'தெரியுதா' என்று கேட்கக்கூடாது

தேர்வுக்கு அனுப்பிய பரிசோதனை வீடியோ திரும்பி வந்துவிட்டது. மதிப்பெண் இல்லை. கீழே மதிப்பீட்டாளரின் குறிப்பு.

'நோயாளியின் காலைப் பஞ்சால் தொடும்போது ஒவ்வொரு முறையும் "தெரியுதா" என்று கேட்கிறீர்கள். அப்படிக் கேட்டால் யாரும் "தெரியுது" என்றுதான் சொல்வார்கள். அவர் கண்ணை மூடியிருக்க வேண்டும். நீங்கள் பேசக்கூடாது. தொடுவது தெரிந்தால் அவரே சொல்ல வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் மீண்டும் அனுப்பவும்.'

அவள் இரண்டு முறை படித்தாள். பதினெட்டு வருஷமாக வார்டில் அப்படித்தான் கேட்டுவந்தாள். முப்பது கட்டில், இரண்டு பேர். மாவுக்கட்டுப் போட்ட கால், மரத்துப்போக ஊசி போட்ட கால். தொடு, தெரியுதா, தெரியுது, அடுத்த கட்டில்.

அவள் துணை நர்ஸ். ஒரு வருஷப் பயிற்சியோடு வேலைக்கு வந்தவள். அளப்பாள், எழுதுவாள், மேலே சொல்லுவாள். அளந்ததற்கு என்ன அர்த்தம் என்பதை வேறு ஆட்கள் சொல்லுவார்கள். இப்போது தொலைதூரக் கல்வியில் நர்சிங் பட்டப்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். வயது நாற்பத்துமூன்று. பட்டம் வாங்கி நர்ஸ் பதவிக்கு உயர வயது வரம்பு நாற்பத்தைந்து. படிப்பில் ஒன்றரை வருஷம் பாக்கி. இந்த வீடியோ இன்னொரு முறை திரும்பினால் பாடத்தை அடுத்த வருஷம் மறுபடி எடுக்க வேண்டும். பட்டம் வரும், பதவி வராது.

கூடப் படிப்பவள் ஒருத்தி, அதே வார்டுதான். எல்லோரும் வெண்கலம் என்று கூப்பிடுவார்கள். குரல் அப்படி. அவள் வீடியோ முதல் தடவையே தேறிவிட்டது.

"எங்க கொழுந்தனுக்குக் கூச்சம் ஜாஸ்திக்கா. பஞ்சைக் காட்டினாலே நெளிவான். நான் கேக்கவே வேண்டியதில்ல."

"எங்க வீட்டுக்காரர் கல்லு மாதிரி உக்காந்திருப்பார்."

"கல்லைப் பரிசோதிக்க நர்ஸ் எதுக்கு? ஞாயித்துக்கிழமை வரேன். நான் போன் பிடிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மதியம் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார்கள். வெள்ளை விரிப்பு. டார்ச், ஸ்டெதாஸ்கோப், பஞ்சு, அளவு நாடா. கணவர் பெயிண்டர். இரண்டு தரம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வேட்டியோடு வந்து உட்கார்ந்தார்.

அவள் விதிகளை வாசித்தாள். தலை முதல் கால் வரை. முப்பது நிமிஷத்துக்கு மேல் போகக்கூடாது. நடுவில் நிறுத்தக்கூடாது, வெட்டி ஒட்டக்கூடாது. பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளியை முன்பின் தெரியாதவராக நடத்த வேண்டும். படம் எடுப்பவர் பேசக்கூடாது.

"கடைசி விதிதான் கஷ்டம்," என்றார் பெயிண்டர்.

"நான் வாயைத் திறந்தா என்னைக் கேளுங்கண்ணே," என்றாள் வெண்கலம்.

"நான் எதுக்குக் கேக்கணும்? தெருவே கேக்கும்."

நாலரைக்கு ஆரம்பித்தார்கள்.

"வணக்கம். நான் உங்களைப் பரிசோதிக்க வந்திருக்கிற நர்ஸ். உங்க பேர் சொல்லுங்க."

பெயரைச் சொன்னார். கேட்காமலே அப்பா பெயரையும் சொன்னார்.

"வயசு?"

"நாப்பத்தெட்டு. வீட்டுல அம்பதும்பாங்க."

வெண்கலத்தின் தோள் குலுங்கியது. போன் குலுங்கவில்லை.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு சிஸ்டர். நல்ல இடம். கொஞ்சம் கோவம் வரும்."

"சர்க்கரை இருக்கா?"

"நாலு வருஷமா. மாத்திரை வீட்டுல எடுத்துக் குடுத்துருவாங்க. நான் வாயைத் திறந்தாப் போதும்."

அவள் சிரிக்கவில்லை. கண்ணில் டார்ச் அடித்தாள். கண்மணி சுருங்குவதைச் சொன்னாள். காது மடலின் பின்னால் வெளிர் பச்சைப் பெயிண்ட் ஒரு பொட்டு. அதைச் சொல்லவில்லை. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். வார்டில் யார் யாருடைய நெஞ்சிலோ வைத்திருக்கிறாள். இருபத்தொரு வருஷம் பக்கத்தில் படுத்தவள், இந்தச் சத்தத்தை இப்படிக் கேட்டதில்லை. இரண்டு மூச்சு அதிகமாகவே வைத்திருந்தாள்.

காலுக்கு வந்தபோது இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது.

"கண்ணை மூடிக்குங்க. பஞ்சு படறது தெரிஞ்சா 'இப்போ'ன்னு சொல்லுங்க. நான் கேக்க மாட்டேன்."

வலது கட்டைவிரல்.

"இப்போ."

இரண்டாம் விரல்.

"இப்போ."

சுண்டுவிரலில் சற்றுத் தாமதம். ஆனாலும் சொன்னார்.

இடது கட்டைவிரலில் பஞ்சை வைத்தாள். அவர் சொல்லவில்லை. காத்திருந்தாள். இரண்டாம் விரலுக்குப் போனாள். மூன்றாவது. கையை எடுத்துக்கொண்டாள்.

"இப்போ," என்றார் பெயிண்டர்.

பஞ்சு அவள் கையில், காற்றில் இருந்தது.

"இப்போ," என்றார் மறுபடி. வலது காலில் சொன்ன அதே இடைவெளியில்.

அவள் அசையவில்லை. வெண்கலம் போனுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இப்போ."

"என்னங்க," என்றாள் அவள்.

முன்பின் தெரியாதவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அவர் கண்ணைத் திறந்தார். முதலில் அவள் கையைப் பார்த்தார். பிறகு தன் காலை.

"எத்தனை நாளா?"

"என்ன எத்தனை நாளா?"

"சொல்லுங்க."

"அஞ்சாறு மாசம் இருக்கும். ஏணியில நின்னு நின்னு மரத்துப்போச்சுன்னு நெனச்சேன். இப்பல்லாம் எந்தப் படியில நிக்கிறேன்னு குனிஞ்சு பாத்தாத்தான் தெரியுது." கொஞ்சம் நிறுத்தினார். "போன மாசம் செருப்பை நாய் தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னது பொய். வழியில எங்கேயோ கழண்டிருக்கு. வீட்டுக்கு வந்துதான் பாத்தேன்."

"ஏன் சொல்லல?"

"நீ படிச்சிட்டிருந்த."

"போன தடவை வீடியோ எடுக்கும்போது அத்தனை தடவையும் தெரியுது தெரியுதுன்னு சொன்னீங்களே."

"நீ தெரியுதா தெரியுதான்னு கேட்ட. தெரியலைன்னா உனக்கு மார்க் போயிடும்னு நெனச்சேன்."

அவள் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"கால் சரியில்லைன்னா மார்க் குறைக்க மாட்டாங்க. நான் கண்டுபிடிக்கலைன்னாத்தான் குறைப்பாங்க."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் பத்தாவது ஃபெயில்."

"போதும், ரெண்டு பேரும் நல்லாப் படிச்சீங்க," என்றாள் வெண்கலம். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். போனை இறக்கினாள். முப்பது நிமிஷம் தாண்டியிருந்தது.

அவள் அவருடைய இடது காலை மடியில் எடுத்து வைத்திருந்தாள். எப்போது எடுத்தாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை.

"சட்டையைப் போடுங்க. டாக்டர்கிட்ட போலாம்."

"ஞாயித்துக்கிழமை எந்த டாக்டர் உனக்காகக் கடையைத் திறந்து வெச்சிருக்கார்? நாளைக்குப் போலாம். மணி என்ன?"

"அஞ்சு," என்றாள் வெண்கலம்.

"அப்போ இன்னொரு தடவை எடுக்கலாம்."

"வேண்டாங்க. இன்னிக்கு என்னால முடியாது."

"எனக்குக் காலே தெரியல. நான் உக்காந்திருக்கல?"

வெண்கலம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் குடித்தாள். கை கழுவினாள். விரிப்பைத் தட்டிப் போட்டாள். பெயிண்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஐந்து மணி ஐந்து நிமிஷத்துக்கு மறுபடி ஆரம்பித்தார்கள்.

பெயர். வயது.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு," என்றார். அவ்வளவுதான்.

கண், காது, கழுத்து, நெஞ்சு, வயிறு. நெஞ்சில் அளவோடு கேட்டாள். பத்தொன்பதாவது நிமிஷம் காலுக்கு வந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வலது கால் முடிந்தது. இடது கட்டைவிரல். அவர் பேசவில்லை. அடுத்த விரல். பேசவில்லை. உதடு ஒருமுறை அசைந்தது, அடங்கியது. ஐந்து விரலும் முன்பாதமும் முடிந்தன. இந்தத் தடவை அவர் யூகிக்கவில்லை. குதிகாலுக்கு மேலே பஞ்சு பட்டபோது "இப்போ" என்றார், குரல் சற்று உயர்ந்து, தொலைத்ததைக் கண்டெடுத்தவர் மாதிரி.

"இடது காலில் ஐந்து விரல்களிலும் முன்பாதத்திலும் தொடு உணர்வு இல்லை," என்று அவள் போனைப் பார்த்துச் சொன்னாள். பரிசோதனைத் தாளில் இருக்கும் தமிழிலேயே சொன்னாள். அதுதான் நடுங்காமல் வந்தது.

அடுத்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்க்க வேண்டும். முதல் தடவை இதுவரை போகவே இல்லை. நாலாவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு வெட்டு. வேலையில் தகடோ பழைய பெயிண்டைச் சுரண்டும் கருவியோ பட்டிருக்க வேண்டும். நாலைந்து நாள் ஆனது. ஓரம் வெளுத்துப்போயிருந்தது.

"விரலிடுக்கில் ஒரு வெட்டுக்காயம். அரை அங்குலம். சீழ் இல்லை. காயம் பட்டது அவருக்குத் தெரியாது."

"தெரியாது," என்றார் பெயிண்டர்.

கடைசிப் பகுதி. கண்டதை நோயாளிக்கு எடுத்துச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷமாக இந்த இடத்தில் அவளிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: டாக்டர் வந்து சொல்லுவாங்க.

"சர்க்கரையால காலுல நரம்பு பாதிச்சிருக்கு. நாளைக்குக் காலையிலேயே டாக்டரைப் பாக்கணும். வெறுங்காலோட நடக்கக்கூடாது. தினமும் ராத்திரி காலைப் பாக்கணும்."

"வேலைக்குப் போலாமா சிஸ்டர்?"

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நாளை ஒரு மாடி வீட்டின் வெளிச்சுவர் வேலை இருந்தது. அவளுக்கும் தெரியும்.

"போலாம். ஏணியில ஏறக்கூடாது. தரையில நின்னு கைக்கு எட்டுற சுவர் மட்டும் அடிங்க."

"மேல்சுவரு?"

"வேற ஆள் அடிக்கட்டும்."

"இதை யார் சொல்றது?"

"நான் சொல்றேன்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு, சரி என்று தலையாட்டினார்.

இருபத்தொன்பது நிமிஷம்.

வெண்கலம் ஜன்னலோரம் போய் நின்று வீடியோவை அனுப்பினாள். ஐந்து நாற்பதுக்குப் பாதி போயிருந்தது. சிக்னலுக்காகப் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். பரிசோதித்தவள் போனைப் பார்க்கவில்லை. கிண்ணத்தில் வெந்நீரும் மருந்துப் புட்டியும் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"போயிடுச்சுக்கா," என்றாள் வெண்கலம் மெதுவாக. அவளுக்கு இப்படியும் பேச வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

அவள் பஞ்சை மருந்தில் நனைத்தாள். பெயிண்டர் வாசனையிலேயே முகம் சுளித்தார்.

"எரியுமா?"

"எரியாது."

இருந்தாலும் ஊதி ஊதித்தான் துடைத்தாள்.