படிக்க ஆளில்லாத பதினோரு மெயில்

பாட்டில் ஃபேக்டரியில் அவளுக்கு லாக்கக்கா என்று பெயர். எந்த மெஷின் மக்கர் செய்தாலும் முதலில் “லாக் எங்கே?” என்றுதான் கேட்பாள். லாக் என்றால் மெஷின் தன்பாட்டுக்கு எழுதி வைத்துக்கொள்ளும் குறிப்பு. “ஆள் பூசி மெழுகுவான், லாக்குக்கு அது தெரியாது” என்பாள். அந்தப் பெயரோடு ஒன்பது வருஷம் வேலை பார்த்தவளைப் போன வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்கு வழி செய்து கொடுத்தவன் வெளியாள் இல்லை, அவளுடைய கொழுந்தன்.

ஃபேக்டரியில் தயாராவது மருந்து பாட்டில்கள். சூளையிலிருந்து ஆறி வரும் பாட்டில்கள் ஒரு கேமரா முன்னால் வரிசையாகப் போகும். விரிசல் இருந்தால் கேமரா கண்டுபிடிக்கும். ஒரு குழாய் புஸ்ஸென்று காற்றடித்து அதை ஒதுக்கித் தள்ளும். கேமராவை ஓட்டுவது ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டர். கேமராவுக்கும் அதற்கும் நடுவே இருந்த கார்டைச் செய்த கம்பெனி என்றோ மூடிவிட்டது. போகிற போக்கில் அந்தக் கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமின் மூல நிரலை, அதாவது கோடை மட்டும் எல்லோருக்கும் திறந்து வைத்துவிட்டுப் போனது. லினக்ஸின் உயிர்நாடி கெர்னல். அது மாறும்போதெல்லாம் அந்தக் கோடை எடுத்து, புதுக் கெர்னலுக்குப் பொருந்தும்படி மாட்யூலாகக் கட்டித் தரவேண்டும். அதை லாக்கக்கா கையால் செய்துவந்தாள். கட்டி, வேறொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்து, அப்புறம்தான் லைனில் ஏற்றுவாள்.

கொழுந்தனை அங்கே சேர்த்துவிட்டதும் அவளேதான். வீட்டில் சும்மா இருக்கிறானே என்று மேனேஜரிடம் அவளே வாய்விட்டுக் கேட்டாள். அவன் கெட்டிக்காரன். ஆறே மாதத்தில், கெர்னல் மாறியதும் மாட்யூலைத் தானாகவே கட்டிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைச் செய்துவிட்டான். லினக்ஸ்காரர்கள் பல இடங்களில் செய்கிற காரியம்தான், தப்பில்லை. மேனேஜரிடம் போய், “இனிமே இதுக்குன்னு ஒரு ஆளே வேண்டாம் சார்” என்றான். விளையாட்டாகச் சொன்னானோ, தெரிந்தே சொன்னானோ, அது அவனுக்குத்தான் வெளிச்சம். மேனேஜர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே வீடு. கீழே இவர்கள், மாடியில் அவன் குடும்பம். அவளுடைய கணவன், “விடு, பணம் வெளியவா போகுது, நம்ம வீட்டுக்குள்ளதானே” என்றான். அவள் விட்டாள். விட்டது போல இருந்தாள்.

ஒரு புதன்கிழமை காலை கொழுந்தன் படியிறங்கி வந்தான். மூன்று நாள் தாடி.

“அண்ணி, ஒரு எட்டு ஃபேக்டரி வரைக்கும் வர்றீங்களா? கேமரா கண்ணைத் திறக்க மாட்டேங்குது.”

“அதான் தானா கட்டிக்குமே. கட்டலையா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “குத்திக் காட்டுறதுன்னா அப்புறமா காட்டுங்க அண்ணி. ஞாயித்துக்கிழமை கரன்ட் வேலை பார்த்தாங்க. நிறுத்திட்டு ஆன் பண்ணினேன், புதுக் கெர்னல்ல ஏறிடுச்சு. மாட்யூல் இல்ல.”

“பழைய கெர்னல்ல ஏத்திப் பார்த்தியா?”

“முன்னாடி ஒரு தடவை டிஸ்க்ல இடம் இல்லன்னு வந்துச்சு. பழசையெல்லாம் துடைச்சிட்டேன்.”

ஏறிய ஏணியை மட்டுமல்ல, இறங்குகிற படியையும் எடுத்துவிட்டான். அவள் குழாயைத் திறந்து பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தாள். வருவதாக இல்லை என்பது அவனுக்குப் புரிந்தது.

“லைனை நிறுத்த மேனேஜர் ஒத்துக்கல” என்றான் மெல்ல. “லைட்டை வச்சு ஆளுங்களைக் கண்ணால பார்க்கச் சொல்லிட்டாரு. நேத்து நெட்டைம்மா கையில ஒரு பாட்டில் உடைஞ்சிடுச்சு. ரெண்டு விரல்ல நரம்பு போயிடுச்சாம்.”

நெட்டை என்பது பாக்கிங்கில் இருக்கும் பெண்ணின் பட்டப்பெயர். லைனிலேயே உயரமானவள். லாக்கக்காவுக்கு ஒன்பது வருஷமும் மதியச் சாப்பாட்டுத் துணை. குழாயை மூடிவிட்டுப் புடவையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

கம்ப்யூட்டர் ரூம் மாறவில்லை. அதே பச்சைச் சுவர், அதே கால் ஆடும் நாற்காலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்கள் குழல்விளக்கின் முன்னால் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்தன் அதே கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்திருக்கிறான் என்பது திரையைப் பார்த்ததுமே தெரிந்தது. பூட்டிய கதவை நாற்பது தடவை தள்ளியிருக்கிறான். சாவித்துவாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

“லாக் எங்கே?”

“கட்ட முடியலன்னுதான் அண்ணி வருது.”

“அது கடைசி வரி. முதல் தப்பு எங்க இருக்குன்னு பார்த்தியா?”

கட்டும்போது எழுதப்பட்ட லாக்கைத் திறந்து மேலே போனாள். டிரைவர் கூப்பிடுகிற கெர்னல் ஃபங்ஷன் ஒன்றுக்கு முன்பு இரண்டு விவரம் கொடுக்கவேண்டும். புதுக் கெர்னலில் ஒன்றே போதும் என்று மாற்றிவிட்டார்கள். கோடு பழைய வழக்கப்படி இரண்டைக் கொடுக்க, அதிகமாகத் தருகிறாய் என்று கட்டும் வேலை அங்கேயே நின்றுவிட்டிருந்தது. மற்ற இருபது வரிப் புலம்பலும் அதன் வால்தான்.

பழைய கெர்னல் என்றால் இப்படி, புதியதென்றால் அப்படி என்று நான்கு வரி எழுதினாள். தானாகக் கட்டும் ஏற்பாட்டிலிருந்து பழைய கோடை நீக்கி, திருத்தியதைச் சேர்த்து, கட்டச் சொன்னாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாட்யூல் ஏறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புஸ்ஸென்று சத்தம் கேட்டது. ஒரு பாட்டில் தொட்டியில் விழுந்தது. விளக்கின் முன்னால் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

எழுந்திருக்கப் போனவளுக்கு ஒரு சந்தேகம். இது ஞாயிற்றுக்கிழமை வந்த கோளாறில்லையே? புதுக் கெர்னல் தானாக இறங்கிய அன்றே கட்டத் தவறியிருக்க வேண்டுமே? தேதிகளைப் பார்த்தாள். ஏழு மாதம் முன்பு முதல் தோல்வி. அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒன்று. மொத்தம் பதினொன்று. கம்ப்யூட்டரை நிறுத்தாததால் அது பழைய கெர்னலிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அது மெயில் அனுப்பிச் சொல்லியும் இருக்கிறது.

“மெயில் யாருக்குப் போகுது?”

அவளே திறந்து பார்த்தாள். போய்க்கொண்டிருந்தது அவளுடைய பழைய ஆபீஸ் முகவரிக்கு. அவளை அனுப்பிய அன்று மாலையே அதை மூடிவிட்டார்கள்.

“மாத்தணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன் அண்ணி. சத்தியமா. இதை மட்டும் மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்க. உங்க கால்ல வேணா விழறேன்.”

அவள் ‘சரி’ என்று சொல்லவில்லை. மேனேஜரிடம் சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்யவில்லை. அதற்குள் மேனேஜரே உள்ளே வந்துவிட்டார்.

“ஓடுது போல. என்னதான் பிரச்சினை?”

கொழுந்தன் முந்திக்கொண்டான். “கோடு பழசு சார். அண்ணி காலத்துக் கோடு. புதுக் கெர்னலுக்கு ஒத்துவரல. இப்ப சரி பண்ணிட்டோம்.”

அண்ணி காலம். அவள் செத்துப் பதினாறு நாள் ஆனது போலச் சொன்னான். இரண்டு நிமிஷம் முன்னால் காலில் விழுகிறேன் என்ற வாய் அது. அவளுக்குக் காதெல்லாம் சுட்டது.

“இல்ல சார்” என்றாள். “ஏழு மாசமா இது கட்டல. பதினோரு தடவை சொல்லியிருக்கு. நீங்க மூடின என் முகவரிக்குச் சொல்லியிருக்கு. யாரும் பார்க்கல.” திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

மேனேஜர் திரையைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு சிரித்தார். “இதோ பாருங்கம்மா, குடும்பச் சண்டையை வீட்டோட வச்சுக்கங்க. ஓடுதா? அது போதும் எனக்கு.”

அவள் பையை எடுத்துக்கொண்டாள். போவதற்கு முன்னால் மெயில் போகிற இடத்தில் மேனேஜரின் முகவரியைப் போட்டாள். கொழுந்தன் பார்த்துக்கொண்டே இருந்தான், தடுக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் நெட்டையின் வீட்டில் இறங்கினாள். கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் நெட்டை. மணிக்கட்டு வரை கட்டு.

“வா, லாக்கக்கா. பாரு, கல்யாணப் பொண்ணுக்குக் கூட இவ்வளவு பெரிசா சுத்தமாட்டாங்க” என்று கையைத் தூக்கிக் காட்டினாள். சிரிப்பு பாதியில் நின்றது. “என் கவனக்குறைவாம். அப்படி எழுதி இந்தக் கையாலேயே ரேகை வைக்கச் சொல்றாங்க. கேமரா ஏன் நின்னுச்சு? உனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

லாக்கக்கா சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை, கொழுந்தன் பெயரைத் தவிர. அதுவும் நெட்டைக்குத் தெரியாததா?

“அப்ப என் மேல தப்பு இல்ல.”

“இல்ல.”

“இப்படி வாயால சொன்னதை எழுதித் தருவியா?”

அடுப்பில் ஏதோ கொதித்து வழிந்தது. நெட்டையின் மகள் ஓடிப்போய் இறக்கினாள். லாக்கக்காவுக்குக் கணவன் முகம் வந்தது, மாடிப்படி வந்தது, நாளைக் காலைத் தண்ணீர் பிடிக்கும்போது எதிரே வரப்போகும் ஓரகத்தியின் முகம் வந்தது. பேப்பர் கேட்டாள். பதினோரு தேதிகளும் மனப்பாடமாக இருந்தன. வரிசையாக எழுதி, மெயில் எங்கே போனது, ஏன் யாரும் படிக்கவில்லை என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு நெட்டையின் வீட்டுக்காரர் தொழிலாளர் ஆபீஸுக்கு நான்கு தடவை நடந்தார். கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். விரல் இரண்டும் மடங்கவில்லை. அவளை வாசலில் வருகைப் பதிவேடு பார்க்கிற வேலையில் உட்காரவைத்தார்கள். மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொழுந்தனைக் கம்ப்யூட்டர் ரூமிலிருந்து கிடங்குக்கு மாற்றினார்கள். அந்த நாற்காலிக்கு லாக்கக்காவை யாரும் கூப்பிடவில்லை. அந்த வேலையை வெளிக் கம்பெனி ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

மாடியில் கொழுந்தன் குடும்பம் தனியாக வாசல் திறந்து, வெளிப்பக்கமாக இரும்புப் படி வைத்துக்கொண்டார்கள். கணவன் அவளோடு பேசினான், ஆனால் தேவைக்கு மட்டும்.

“அவன் உன் கையால சாப்பிட்டு வளர்ந்தவன்டி” என்றான் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே. “ஒரு வார்த்தை பேசாம இருந்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும் உனக்கு?”

“எனக்கு ஒண்ணும் குறைஞ்சிருக்காது” என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கரண்டிச் சோற்றை வைத்தாள்.